பூஜ்ஜியத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: ஒன்றிய மக்கள் நல்வாழ்வு அமைச்சகம் மற்றும் அதன் மருத்துவக் கலந்தாய்வுக் குழு, புது டெல்லி.
பொருள்: முதுநிலை நீட் தேர்வின் தகுதி வரம்பைத் தரைமட்டமாக்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்களது 20.09.2023 நாளிட்ட அறிவிப்பு.

ஐயா,

பார்வையில் கண்ட அறிவிப்பின்படி, 2023ஆம் ஆண்டு முதுநிலை நீட் தேர்வின் தகுதி வரம்பு எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆனது. பொதுப் பிரிவுக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 என்று இருந்த மதில் ஒரே கையெழுத்தில் இடிந்து விழுந்தது. சமத்துவத்தை இவ்வளவு சுருக்கமாகச் சாதித்த அரசாணை இந்த நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்றால் பூஜ்ஜியம் மதிப்பெண் என்று அர்த்தமல்ல என்று உங்கள் அதிகாரிகள் உடனே திருத்துவார்கள். உண்மைதான், அது அதற்கும் கீழே. தனக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் பெர்சன்டைல் கணக்கு. கீழே ஒருவருமே இல்லாத கடைசி ஆளையும் சேர்த்துக்கொண்டால் அதுதான் பூஜ்ஜியம். தேர்வறைக்கு வந்தால் போதும், தகுதி வந்துவிடும்.

இந்தத் தாராளம் எவ்வளவு ஆழமானது என்பதைப் பொதுமக்கள் சரியாக உணரவில்லை. தேர்வில் 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு, மொத்தம் 800. கேள்வியைப் படிக்காமலே நான்கு விடைகளில் ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டு போகிறவருக்குச் சராசரியாக 50 சரியாகும், 150 தப்பாகும். கிடைத்த இருநூறு மதிப்பெண்ணில் நூற்றைம்பது போனால் கையில் நிற்பது 50 மதிப்பெண். எதையுமே தொடாமல் மூன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பூஜ்ஜியம். அதற்கும் கீழே இறங்க வேண்டுமென்றால் துணிந்து, விடாமல், தப்பாகவே விடையளிக்க வேண்டும். அப்படி உழைத்து மைனஸில் போனவர்களையும் உங்கள் அறிவிப்பு கைவிடவில்லை.

இதை ஏதோ ஒருநாள் சறுக்கல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2021 தேர்வுக்கு 15 பெர்சன்டைல் குறைத்தீர்கள். 2022 தேர்வுக்கு 25 குறைத்தீர்கள். 2023 தேர்வுக்கு மிச்சம் இருந்ததையும் எடுத்துவிட்டீர்கள். இடையில் 2022 ஜூனில், காலியாகக் கிடந்த 1,456 முதுநிலை இடங்களுக்காக இன்னொரு சுற்றுக் கலந்தாய்வு கேட்டு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீங்கள் எதிர்த்தீர்கள். மருத்துவக் கல்வியின் தரத்தில் சமரசம் கூடாது என்று சொல்லி நீதிமன்றமும் மனுக்களைத் தள்ளியது. அந்தத் தரம் நான்கே மாதத்தில் 25 பெர்சன்டைல் இளைத்தது. அடுத்த ஆண்டு ஆளே காணோம்.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முதுநிலைக்கு விண்ணப்பிக்கிற எல்லோரும் எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர்கள். தகுதியை அந்தப் பட்டமே நிரூபித்துவிட்டது. நீட் வெறும் வரிசைப்படுத்தும் கருவி என்பது அந்த வாதம். மிகச் சரி. படித்த படிப்பை நம்பு, ஒருநாள் தேர்வைத் தெய்வமாக்காதே என்றுதான் தமிழ்நாடும் இத்தனை காலமாகச் சொல்லிவருகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் மருத்துவம் படிக்கிற தகுதியைக் காட்டப் போதும் என்று இங்கே 2006இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வையே ஒழித்தார்கள். நீட் விலக்கு மசோதாவை 2021இல் ஒருமுறையும், ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்ரவரியில் மறுமுறையும் சட்டப்பேரவை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி வந்தது. டெல்லியில் சொன்னால் நிர்வாக நடைமுறை. சென்னையில் சொன்னால் தகுதிக்குத் துரோகம். வாதம் ஒன்றுதான், பேசுகிற வாய்தான் வேறு.

மாநிலத்துக்கு மாநிலம் பள்ளித் தேர்வு வேறுபடுகிறது, அதனால் பொதுத் தேர்வு வேண்டும் என்று பதில் வரும். எம்.பி.பி.எஸ். தேர்வுகள் மட்டும் நாடு முழுவதும் ஒரே தாளிலா நடக்கின்றன? அவற்றையும் அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது. அந்த மதிப்பெண்ணை நம்புகிற மனசு பள்ளி மதிப்பெண்ணை நம்ப மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தைக் காலி இடங்களில் தேடலாம். இடங்கள் வீணாகப் போவது தேசிய இழப்பு என்கிறீர்கள். உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளுக்கு ஆள் வருவதில்லை, நாளைக்குக் கல்லூரிகளில் பாடம் நடத்த ஆசிரியர் வேண்டாமா என்கிறீர்கள். வேண்டும்தான். ஆனால் அறிவிப்பு அந்தத் துறைகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டவில்லை. மொத்தக் கட்டணம் ஒரு கோடியைத் தாண்டுகிற தனியார் கல்லூரிக் கதிரியக்கவியல் இடமும் அதே கதவுக்குள்தான் வருகிறது. அந்த இடம் காலியாக இருந்ததென்றால், மதிப்பெண் இருந்தவரிடம் பணம் இல்லை என்று அர்த்தம். சாயங்காலம் சந்தை கலைகிற நேரத்தில் விற்காத கத்தரிக்காய்க்கு வியாபாரி விலையைக் குறைப்பார். உங்கள் சந்தையில் விலை அசையாது, வாங்க வருகிறவரின் தகுதிதான் இறங்கும். கட்டணத்தைப் பற்றி நீங்கள் சிந்திக்கவே இல்லை என்று குறை சொல்லவும் முடியாது. தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. பெர்சன்டைல் குறைப்பு மட்டும் கையெழுத்தான அன்றே அமலுக்கு வந்துவிடுகிறது.

இளநிலையிலும் இதே ஏற்பாடுதான், கொஞ்சம் நாகரிகமாக. 2022இல் 720க்கு 117 எடுத்தவர் பொதுப் பிரிவில் தகுதி பெற்றார்; நூற்றுக்குப் பதினாறு சொச்சம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 93. 2024இல் பொதுப் பிரிவின் வரம்பு 162. அதே ஆண்டு 600 எடுத்த பொதுப் பிரிவு மாணவருக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரி எட்டவில்லை. ஆக, நீட்டில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. அரசு இடத்தை நம்பியிருப்பவருக்கு ரேங்க் என்கிற வாசல், அதை எட்டவே பெரும்பாடு. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்டக்கூடியவருக்குத் தகுதி மதிப்பெண் என்கிற வாசல், அதில் குனியக்கூடத் தேவையில்லை. இரண்டில் எதைத் தாண்டினாலும் ‘நீட் தேர்ச்சி’ என்கிற ஒரே பட்டம்.

குறைந்த மதிப்பெண் எடுத்தவர் நல்ல மருத்துவர் ஆகமாட்டார் என்பது இந்தக் கடிதத்தின் கருத்து அல்ல. 200 கேள்விகளில் தடுமாறியவர் வார்டில் நோயாளியின் நாடியைச் சரியாகப் பிடிக்கலாம். பயிற்சிக் காலத்தில் தேறலாம். இறுதித் தேர்வு அவரைச் சோதிக்கத்தான் போகிறது. அந்தக் கருணை கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 550 வாங்கிவிட்டு, பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாமல் நீட்டில் சறுக்கிய பிள்ளைக்கும் கிடைக்கவில்லையே என்பதுதான் கேள்வி. மதிப்பெண் குறைவு மன்னிக்கப்படுகிறது. பணக் குறைவு மன்னிக்கப்படுவதில்லை. தரம் என்ற சொல்லை நீங்கள் ஏழைகளிடம் மட்டும் உச்சரிக்கிறீர்கள்.

எனவே பணிவான வேண்டுகோள் மூன்று. இனி பெர்சன்டைலைக் குறைக்கிற ஒவ்வொரு அறிவிப்பிலும், அதே விகிதத்தில் கட்டணமும் குறையும் என்று ஒரு வரி சேருங்கள். எந்தத் துறையில், எந்தக் கல்லூரியில், என்ன கட்டணத்தில் எத்தனை இடம் காலியாக இருந்தது, குறைத்த பிறகு யார் என்ன மதிப்பெண்ணோடு சேர்ந்தார்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள். பட்டப் படிப்பே தகுதிக்குச் சான்று என்று நீங்கள் நம்புவது உண்மையானால், பள்ளிப் படிப்பே தகுதிக்குச் சான்று என்று சொல்லும் மாநிலத்தை அதன் வழியில் விடுங்கள். மூன்றில் ஒன்றுகூட முடியாது என்றால், நீட் தகுதியை அளக்கிறது என்று சொல்வதையாவது நிறுத்திக்கொள்ளுங்கள். பூஜ்ஜியத்தில் அளக்க ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அறிவிப்பை இரண்டு முறை படித்த ஒரு குடிமகன்.