மாடிப் போர்ஷன் நேர்காணல்: தென்சென்னை வீட்டுக்காரர்களின் தேர்வுமுறை குறித்து ஓர் ஆய்வு

இந்தியாவில் கலெக்டராக விரும்புகிறவர் டெல்லிக்குப் போய் உட்காரும் நேர்காணலுக்கு 275 மதிப்பெண். அதற்கு முன்னால் எழுதும் முதன்மைத் தேர்வுக்கு 1750. பேச்சில் கொஞ்சம் சொதப்பினாலும் எழுத்து காப்பாற்றிவிடும். மயிலாப்பூரில் இரண்டு பெட்ரூம் மாடிப் போர்ஷன் கேட்டுப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே எழுத்துத் தேர்வே இல்லை, நேர்காணல் ஒன்றுதான். தேர்வுக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாக இருப்பார். கேள்வி கேட்பது அவர். முடிவெடுப்பது, காபி டம்ளரோடு ஒருமுறை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போகும் மாமி.

இவ்வளவு கறாரான ஒரு தேர்வுமுறைக்கு அறிஞர் உலகம் உரிய மரியாதை தரவில்லை என்பது இக்கட்டுரையின் மனக்குறை.

முதலில் ஆய்வின் எல்லை. ‘சிறு வீட்டுக்காரர்’ என்றால் இங்கே ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, அல்லது அதற்கும் குறைவான இடத்தில் வீடு கட்டி, தான் கீழே இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடுபவர். மாட வீதிகளின் சந்துகள், பனகல் பார்க்கைச் சுற்றிய தெருக்கள், அடையாறில் காந்தி நகர், இந்திரா நகர் ஆகியவை இவரது வாழிடம். அடுக்ககம் கட்டி விற்கும் பில்டர்கள் சேர்த்தியில்லை. மயிலாப்பூரின் பெரிய வீட்டுக்காரர்களில் ஒருவரான கபாலீஸ்வரரையும் விலக்கவேண்டியதாயிற்று. அவருக்கு மனைகளும் கடைகளும் ஏராளம். ஆனால் குடிவருகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்காத வீட்டுக்காரர் அவர். பாக்கி வசூலிக்க அறநிலையத் துறை படும் பாட்டைப் பார்த்தால், கேட்டிருக்கலாமோ என்று தோன்றும்.

நேர்காணலின் முதல் கேள்வி எப்போதும் “எத்தனை பேர்?” என்பதுதான். இதைக் குசலம் விசாரிப்பதாக எடுத்துக்கொள்கிறவர் சென்னைக்குப் புதியவர். இது நீரியல் சார்ந்த கேள்வி. நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்த் திட்ட அளவுகோல். கீழே நாலு பேர், மேலே நாலு பேர் என்றால் நாளொன்றுக்கு 1080 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் பதினோரு நாளைக்கு வரும். மாடிவீட்டுக்காரரின் மாமனார் மூட்டுவலி வைத்தியத்துக்கென்று வந்து தங்கினால் செலவு 1215 லிட்டராகி, பத்தாம் நாள் முடிவதற்குள்ளேயே சம்ப் காலி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட 2019 கோடையை அனுபவித்த வீட்டுக்காரர், “கெஸ்ட் அடிக்கடி வருவாளா?” என்று கேட்பதில் உள்ள கணித நேர்மையை யாரும் மறுக்க முடியாது. ஆய்வில் தேறிய ஒரே கேள்வி இதுதான் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

இரண்டாவது கேள்வி, “சொந்த ஊர் எது?”

இது புவியியலில் தொடங்கி வேறெங்கோ போய் முடிகிறது. “திருநெல்வேலி” என்றால் அத்தோடு நிற்காது. “திருநெல்வேலில எங்க?” “அம்பாசமுத்திரம் பக்கம்.” “அம்பாசமுத்திரத்துலயேவா, கல்லிடைக்குறிச்சியா?” மாவட்டம், தாலுகா, ஊர் என்று இறங்கி, தெருவில் வந்து நிற்கும். தெரு தெரிந்துவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொண்டதாகிவிடும். நேரடியாகக் கேட்பது அநாகரிகம் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த அளவுக்கு அவர் முற்போக்கானவர். இதே கேள்வியின் சைவ வடிவம், “நான்வெஜ் சமைப்பேளா?” காரணம் கேட்டால் வாசனை என்பார். அடுப்பில் பொரியும் கருவாட்டு வாசனைக்கு மட்டும்தான் தடை என்றால் அது வாசனை சம்பந்தப்பட்டது. முட்டைகூட வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்யும் முஸ்லிமுக்கும் கதவு திறப்பதில்லை என்றால், பிரச்சினை மூக்கில் இல்லை.

இதை வெறும் அனுமானம் என்று தள்ளிவிட வேண்டாம். பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் அவருடைய சகாக்களும் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேல்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று பெயர் மாறமாறப் பதிலும் மாறியது. முஸ்லிம் பெயருக்குத்தான் மறுப்பு மிக அதிகம். சென்னை வீட்டுக்காரர் இதைக் கேட்டால் டெல்லிக்காரர்களின் குறுகிய மனதுக்காக வருந்துவார்.

மூன்றாவது, உத்தியோகம். வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி என்ற நால்வருக்கும் வீடில்லை என்பது தென்சென்னையின் எழுதாத சாசனம். நால்வரும் வாதாடத் தெரிந்தவர்கள் அல்லது வாதாடத் தேவையில்லாதவர்கள். ஐந்தாவதாக சினிமாக்காரர். செழியன் இயக்கிய ‘டு லெட்’ படத்தில், ஐ.டி. சம்பளத்தால் வாடகை எகிறிய 2007-ன் சென்னையில், ஓர் உதவி இயக்குநர் மனைவியோடும் குழந்தையோடும் வீடு தேடி அலைவார். அவர் பட்ட பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது, வீடு கிடைப்பதுதான் கஷ்டம். கல்யாணமாகாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருவல்லிக்கேணியில் வரிசையாக நிற்கும் மேன்ஷன்களை, மற்ற பேட்டைகளின் நேர்காணலில் தோற்றவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்கள் என்றே வரலாற்றாசிரியர் கொள்ளலாம்.

ஆகப் பொருத்தமானவர் சாஃப்ட்வேர் மாப்பிள்ளைதான் என்று வீட்டுக்காரர் நிம்மதியடையும் நேரத்தில் மாப்பிள்ளை வாயைத் திறப்பார்: “சார், உங்க பான் நம்பர் வேணும்.” ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வாடகைப்படிக்கு வரிவிலக்கு கேட்பவர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கம்பெனியில் கொடுக்கவேண்டும். ஊரையும் தெருவையும் துருவித்துருவிக் கேட்டவர், தன்னைப் பற்றிப் பத்து எழுத்தில் ஒரு தகவல் கேட்டதும் திகைத்துப்போவார். அந்த வரன் அங்கேயே முறியும்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஓர் அறிவுச் சிக்கல் இருக்கிறது. பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரைக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வண்டியின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்பதே அதன் மையம். வாடகைதாரரின் கோளாறைத் தெரிந்துகொள்ள ஒரே வழி பழைய வீட்டுக்காரரை விசாரிப்பது. அதிலும் வில்லங்கம் உண்டு. தொல்லை தரும் குடித்தனக்காரரை எப்படியாவது அனுப்பிவிடத் துடிப்பவர், “தங்கமான மனுஷர், ஒண்ணாம் தேதி டாண்ணு வாடகை வந்துடும்” என்பார். நல்லவரை விட மனமில்லாதவர்தான் “ம்… பரவாயில்லை” என்று இழுப்பார். ஆகவே ஓஹோவென்று புகழப்படுகிறவரைச் சந்தேகிப்பதே சரியான முறையியல்.

இவ்வளவு கேட்டும் வீட்டுக்காரருக்கு உண்மையில் தெரியவேண்டியது வேறு: “சொன்னால் காலி செய்வாயா?” அதை மட்டும் கேட்க முடியாது. கேட்டாலும் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மற்ற கேள்விகளெல்லாம் இந்த ஒன்றின் மாறுவேடம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பயத்தின் வேர் மனித சுபாவத்தில் இல்லை, அரசிதழில் இருக்கிறது.

யுத்த காலத்தில், 1941-ல், சென்னைக்கு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டே, 1942 ஏப்ரலில், ஜப்பான் குண்டுவீச்சுக்குப் பயந்து பாதி ஊர் காலியாயிற்று. கட்டுப்பாடு மட்டும் காலி செய்யவில்லை. 1946, 1949 என்று சட்டமாகி, 1960-ல் தமிழ்நாட்டுக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைத்தது. அதன்படி வீடு காலியானால் உரிய அதிகாரிக்கு வீட்டுக்காரர் தகவல் சொல்லவேண்டும். அரசு விரும்பினால் அதைத் தன் ஊழியருக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். அதாவது வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலை அரசே நடத்திக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் வெறும் பார்வையாளர்.

வெளியேற்றுவது அதைவிடச் சிரமம். வாடகை பாக்கி வைத்தால் மட்டும் போதாது, ‘வேண்டுமென்றே’ பாக்கி வைத்ததாக நிரூபிக்கவேண்டும். கட்டாமலிருப்பது எப்போது வேண்டுமென்றே, எப்போது தற்செயல் என்பதை விளக்க 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றமே நீண்ட தீர்ப்பு எழுதவேண்டியிருந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில், பெயருக்குப் பொருந்தாத நீளத்தில் வழக்குகள் நடந்தன. தாத்தா போட்ட வழக்கில் பேரன் வாய்தா வாங்கிய கதை ஏதாவது இல்லாத மயிலாப்பூர்க் குடும்பம் அபூர்வம். குடியிருந்தவர்கள் தரப்பில் இதே சட்டம்தான் கூரை என்பதையும் சொல்லவேண்டும். அது இல்லாதிருந்தால் பல குமாஸ்தாக் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை அம்மிக்கல்லைச் சுமந்திருக்கும்.

அந்தச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. ‘டு லெட்’ படம் திரையரங்குக்கு வந்தது அதற்கு முந்தைய நாள். தற்செயல்தான். புதிய சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். ஆனாலும் வீட்டுக்காரர் இன்னும் 1960-லேயே குடியிருக்கிறார். பதினோரு மாத ஒப்பந்தத்தை விடமாட்டார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ன் பதிவுச் சட்டம் சொல்கிறதல்லவா, அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே நின்றுகொள்வார்.

அட்வான்ஸ் தனி அத்தியாயம். பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. புதிய சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாதம் என்கிறது. சென்னை, ஒன்று என்றபோதும் பத்து மாதம் வாங்கியது, மூன்று என்றபோதும் பத்தையே பிடித்துக்கொண்டது. இப்போது சிலர் ஆறுக்கு இறங்கி வருகிறார்கள். 25,000 ரூபாய் வாடகைக்கு இரண்டரை லட்சத்தைப் புரட்டக்கூடியவர் நல்லவராகத்தான் இருப்பார் என்பது கணக்கு. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருபவரும் நல்லவர் என்பதே இதன் துணைத்தேற்றம்.

போலீஸ் அத்தியாயம் சிறியது, கனமானது. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டதாகச் சொல்லப்பட்ட வடமாநிலத்தவர் ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீஸ் என்கவுன்டரில் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தரும்படி மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. படிவம் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ, இந்தி பேசியவருக்கு வீடில்லை என்றவர்கள் அநேகம். படிவத்தை நிரப்புவதைவிட அது சுலபம்.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாமல் ஆய்வு நிறைவடையாது. அமெரிக்காவில் 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம், இனம், மதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுத்தது. ஆனால் தானும் குடியிருந்துகொண்டு, மொத்தம் நான்கு குடித்தனத்துக்கு மேற்படாத வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு விலக்கு உண்டு. அந்தக் கால விவாதத்தில் உதாரணமாக வந்த ஒரு கற்பனை விதவையின் பெயரால் அதற்கு ‘மிஸஸ் மர்ஃபி’ விலக்கு என்று பெயர். மிஸஸ் மர்ஃபி மாட வீதியில் பிறந்திருக்க வேண்டியவர். ஒரு வித்தியாசம்: விலக்கு இருந்தாலும் போர்டில் எழுதி வைக்கக் கூடாது. இனத்தைக் காட்டி மறுப்பதை 1866-ன் வேறொரு சட்டம் தடுத்துவிடும். நம் ஊரில், 2019-ன் திருநர் உரிமைச் சட்டம் வாடகை மறுப்பை வெளிப்படையாகத் தடுக்கிறது. சாதி, மதத்துக்கு அப்படி நேரடியான பொதுச் சட்டம் இல்லை. ‘சைவம் மட்டும்’ என்று வரி விளம்பரத்திலேயே போடலாம்.

ஜெர்மனி இன்னும் சுவாரஸ்யம். மதம் என்ன, கர்ப்பமா என்பதுபோலக் கேட்கக்கூடாத கேள்வியை வீட்டுக்காரர் கேட்டால், அங்கே வாடகைதாரர் பொய் சொல்லலாம். பின்னால் அதைக் காட்டி வெளியேற்ற முடியாது. சென்னைவாசிகள் நீதிமன்றத்தைக் கேட்காமலே இந்த உரிமையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். “தை மாசம் கல்யாணம் சார்” என்று சொல்லிக் குடிபோன பேச்சிலர்களுக்குப் பல தை வந்து போயிருக்கிறது. ஒரே ஆபீஸில் வேலை செய்யும் இருவர் அண்ணன் தம்பியாகிறார்கள். கோழி வாங்குபவர் கறுப்புப் பாலித்தீன் பையைக் கல்லூரிப் புத்தகங்களுக்கு நடுவே வைத்து மாடி ஏறுகிறார்.

தேர்வு இத்தனை கடுமையானதால் யாருமே தேறாமல் போவதும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் காலியாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் திண்ணை நேர்காணலே காரணம் என்று சொல்வது ஆய்வாளரின் ஆசைக்கு உகந்தது, உண்மைக்கு உகந்ததல்ல. ஆனால் தவறான ஆளை வைப்பதைவிடப் பூட்டியே வைக்கலாம் என்று மெயின்டனன்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுகளை அடையாறில் தேடி அலைய வேண்டியதில்லை.

மேலாய்வுக்குரிய ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. வாடகைதாரர்களும் இப்போது எதிர்க்கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மெட்ரோ வாட்டரா, போரா? சப் மீட்டருக்கு யூனிட் என்ன ரேட்? அரசு தரும் 100 யூனிட் இலவசம் யார் கணக்கில்? விவரமறிந்தவர் கடைசியாகத்தான் முக்கியமானதைக் கேட்கிறார். ஏனென்றால் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் சொந்த உபயோகமும் ஒன்று.

“பையன் அமெரிக்காவிலேர்ந்து திரும்பி வர்ற ஐடியா ஏதாவது இருக்கா சார்?”

“அவனா? கிரீன் கார்டு க்யூவுல நிக்கறான். இன்னும் இருபது வருஷம் ஆகும்னு அவனே சொல்றான். நீங்க தைரியமா பால் காய்ச்சுங்கோ. ஆனா ஒப்பந்தம் பதினோரு மாசத்துக்குத்தான்.”