லைசென்ஸ் நம்பர் ஒன்

உலகத்தில் முதலில் விமானம் ஓட்டியவர் ஆர்வில் ரைட் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லுவான். அப்படியானால் அமெரிக்க அரசின் பைலட் லைசென்ஸ் நம்பர் ஒன் யார் சட்டைப் பையில் இருந்தது? ஒரு வக்கீலின் பையில்!

1926-ல் விமானங்களுக்கென்று சட்டம் போட்ட அமெரிக்கா, வணிகத் துறைக்குள் ஒரு பிரிவைத் திறந்து, சிகாகோ வக்கீல் வில்லியம் மெக்ராக்கனைத் தலைவராக்கியது. (அவருக்கும் விமானம் ஓட்டத் தெரியும், பயப்படாதீர்கள்.) முதல் லைசென்ஸ் ஆர்விலுக்குத்தான், ஃபீஸ்கூட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ஆர்வில் வேண்டாம் என்றுவிட்டார். அவர் பறப்பதையே நிறுத்தியிருந்தார். தவிர, தான்தான் முதல் ஆள் என்பதற்கு அரசாங்கச் சான்றிதழ் எதற்கு என்பது அவர் கட்சி. சரி, நல்ல நம்பரை வீணாக்குவானேன்? 1927 ஏப்ரலில் மெக்ராக்கன் அதைத் தனக்கே கொடுத்துக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. அரசு வேலையை விட்டுவிட்டு மறுபடி கறுப்புக் கோட்டுக்குத் திரும்பிய நம்பர் ஒன், விமானத் தபால் கான்ட்ராக்ட் விசாரணையில் மாட்டினார். செனட் கேட்ட காகிதங்களில் சிலவற்றைக் கட்சிக்காரர்கள் அவர் ஆபீஸிலிருந்து எடுத்துப் போக விட்டுவிட்டார். செனட் அவமதிப்பு என்று 10 நாள் சிறை! சுப்ரீம் கோர்ட் வரை போய்ப் பார்த்தார். 1935-ல் அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள்.

அவர் ஆரம்பித்து வைத்த ஆபீஸுக்கோ பிறவிக் கோளாறு ஒன்று இருந்தது. விமானத் தொழிலை வளர்க்க வேண்டியதும் அதுதான், அதட்ட வேண்டியதும் அதுதான். கல்யாணத் தரகரையே மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வரச் சொன்னால் என்ன ரிப்போர்ட் வரும்? 'பையன் தங்கம்!' இந்தத் தரகு வேலையைச் சட்டத்திலிருந்து எடுக்க 1996 ஆயிற்று. அதற்கும் அந்த வருஷம் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் 110 பேரோடு ஒரு விமானம் விழ வேண்டியிருந்தது.

1935-லேயே கோளாறு பல்லிளித்துவிட்டது. மிசௌரியில் விழுந்த ஒரு விமானத்தில் செனட்டர் பிரான்சன் கட்டிங் இறந்துபோனார். வானத்தில் வழிகாட்டும் ரேடியோ அந்த ஆபீஸின் பொறுப்பு. விபத்தை விசாரித்ததும், சொல்லவும் வேண்டுமா, அதே ஆபீஸ். தீர்ப்பு? தப்பு பெரும்பாலும் விமானக் கம்பெனியுடையது! செத்தது சக செனட்டர் என்பதால் செனட் சும்மா விடவில்லை. கமிட்டி போட்டு ஆபீஸையே கூண்டில் ஏற்றியது. 1938-ல் புதுச் சட்டம், புது போர்டு. பெயின்ட் காய்வதற்குள், 1940-ல், ரூஸ்வெல்ட் அதை இரண்டாக வெட்டினார்.

1956-ல் கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டதும் மறுபடி பெயின்டருக்கு வேலை. 1958-ல் பிறந்ததுதான் அமெரிக்க விமானங்களை மேய்க்கும் இன்றைய அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. முதல் தலைவர் கெசாடா, முன்னாள் விமானப்படை ஜெனரல். அவர் வந்த புதிதில், 1959 பிப்ரவரியில், அட்லாண்டிக்குக்கு மேலே ஒரு பான் ஆம் 707. கேப்டன் சீட்டை விட்டு எழுந்து பின்னால் பயணிகளோடு குசலம் விசாரிக்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆட்டோபைலட் கழன்றுகொண்டது. 35,000 அடியில் இருந்த விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. கேப்டன் தரையோடு தவழ்ந்து காக்பிட்டுக்குப் போய் நிமிர்த்தியபோது உயரம் 6,000 அடி! உயிர்ச்சேதம் இல்லை. ஜெனரலுக்குத்தான் ரத்தம் கொதித்தது. பைலட் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க இன்ஸ்பெக்டர்களை ஏவினார். வயது 60 ஆனால் வீட்டுக்குப் போ என்றார். பைலட் யூனியன் அவரை எதிரியாகவே பார்த்தது. விமானம் பறக்கும்போது பைலட் சீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்போது அவ்வளவு பெரிய புரட்சி!

சரி, இன்ஸ்பெக்டரை எங்கே உட்கார வைப்பது? ஊருக்கு ஊர் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்: பெரிய கம்பெனிகளுக்கு ஒன்று, குட்டி விமானங்களுக்கு இன்னொன்று. பிறகு இரண்டையும் சேர்த்து வந்த பெயரின் முதலெழுத்துகளைப் பைலட்டுகள் 'ஃபிஸ்டோ' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பெரிய விமானக் கம்பெனிகளுக்கோ தனித்தனியாக ஓர் ஆபீஸ். பக்கத்திலேயே இருந்தால் கண்ணில் எதுவும் தப்பாது அல்லவா? தப்பவில்லை, உறவுதான் வளர்ந்தது. 2008-ல் வெடித்த சவுத்வெஸ்ட் விவகாரத்தைப் பாருங்கள். உடலில் விரிசல் உண்டா என்று பார்க்கவேண்டிய சோதனை நடக்காமலே 46 விமானங்கள் பறந்திருக்கின்றன. விஷயம் தெரிந்த மேற்பார்வை அதிகாரியே பறக்க விட்டிருக்கிறார். குட்டை உடைத்தவர்கள் அவருக்குக் கீழே இருந்த இரண்டு இன்ஸ்பெக்டர்கள். அந்தக் காலத்தில் எஃப்.ஏ.ஏ. அகராதியில் விமானக் கம்பெனிக்கு என்ன பெயர் தெரியுமா? 'கஸ்டமர்'!

இதே எஃப்.ஏ.ஏ.தான் 2014 ஜனவரியில் நம் ஊர் விமானக் கண்காணிப்பு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வில் முழுநேர இன்ஸ்பெக்டர்கள் போதவில்லை என்று இந்தியாவை இரண்டாம் வகுப்புக்கு இறக்கியது. கோபப்படவும் வழியில்லை. விமானக் கம்பெனிகளிடமே பைலட்டுகளைக் கடன் வாங்கி, விமானக் கம்பெனிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஆள் எடுத்து, 2015 ஏப்ரலில்தான் முதல் வகுப்புக்குத் திரும்பினோம்.

அமெரிக்காவில் அதற்குள் வேறொரு தலைவலி முற்றியிருந்தது. எஃப்.ஏ.ஏ.வில் மண்டலத்துக்கு ஒரு குறுநில மன்னர். ஒரே விதிக்கு இந்த ஆபீஸ் சரி என்றால் அந்த ஆபீஸ் கூடாது என்னும். நொந்துபோய் 2017-ல் விமான இன்ஸ்பெக்டர்கள் இருக்கும் பிரிவில் மண்டலங்களையே ஒழித்து, வேலைவாரியாக நான்கு பிரிவு போட்டார்கள். பெரிய விமானக் கம்பெனிகளைப் பார்த்துக்கொள்ள ஒன்று, சின்ன விமானங்களுக்கு ஒன்று, விதி எழுத ஒன்று. நாலாவதன் பெயர் 'ஃபவுண்டேஷனல் பிசினஸ்'. என்னவோ ஏதோ என்று மிரள வேண்டாம். பட்ஜெட், ஆள் எடுப்பு மாதிரி சமாசாரங்கள். மற்ற மூன்று ஆபீஸும் நடக்க ஓர் ஆபீஸ்!