மணிக்கட்டியல்: கப்பற்காரர் கைக்கடிகாரம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கப்பலை ஆராய்ந்த அறிஞர்கள் பாய்மரத்தை ஆராய்ந்தார்கள், நங்கூரத்தை ஆராய்ந்தார்கள், எந்தப் பருவக்காற்றில் சோழர் கடாரம் போனார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். கப்பலில் நிற்கிறவனுடைய இடது மணிக்கட்டை மட்டும் கேட்பாரற்று விட்டுவிட்டார்கள். அக்குறையைக் களைய முற்படுகிறது இக்கட்டுரை. இத்துறைக்கு மணிக்கட்டியல் என்று பெயர் சூட்டுகிறோம். மணிக்கட்டுக்கு மேலே முழங்கை வரை உள்ள நங்கூரப் பச்சைகள் தனித்துறைக்கு உரியவை; அவற்றுள் நாம் நுழையவில்லை.

2. நூற்பாவும் உரையும்

நூற்பா: கடிகாரத்தின் விலையும் அதில் பொறித்த ஆழமும், கட்டியிருப்பவர் கடல்நீரை விட்டு விலக விலக ஏறும்.

உரை: நாள்தோறும் உப்புநீர் தெறிக்கிற கையில் பிளாஸ்டிக்கும், ஏசி காற்று மட்டுமே படுகிற கையில் 300 மீட்டர் தாங்கும் எஃகும் இருக்கும் என்பது கருத்து. ‘விலையும் ஆழமும்’ என உம்மை கொடுத்தது இரண்டும் கைகோத்தே ஏறும் என்பதற்கு. ‘கட்டியிருப்பவர்’ என்றதால், வாங்கி பீரோவில் பூட்டி வைத்தவர் விலக்கப்பட்டார்.

3. முன்னோர் மரபு

கடிகாரம் கடலில் உயிர் காத்த காலம் உண்டு. 1707இல் சில்லித் தீவுப் பாறைகளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நான்கு மோதி மூழ்கின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க நம்பத் தகுந்த வழி அப்போது இல்லை. 1714இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே கிரீனிச்சில் இந்த நொடி மணி என்ன என்று தெரிந்தால், அதைக் கப்பல் நிற்கும் இடத்தின் சூரிய நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைத் தெரிந்துகொள்ளலாம். அந்த மணியை அலையிலும் வெயிலிலும் பிசகாமல் சுமந்து போகிற கருவியை ஜான் ஹாரிசன் என்ற தச்சர் 1759இல் செய்து முடித்தார். 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட சோதனைப் பயணத்தில், 81 நாளில் அது தவறியது ஏறக்குறைய 5 விநாடி.

மணிக்கட்டியலார் கவனிக்க வேண்டியது வேறு. எச்4 எனப்படும் அக்கடிகாரத்தின் விட்டம் 13 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதை எவரும் கையில் கட்டவில்லை. மெத்தை தைத்த பெட்டியில் படுக்க வைத்தார்கள். மாலுமிகள் தூளியில் தொங்கித் தூங்கிய காலத்தில் கடிகாரத்துக்கு மெத்தை.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறார் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895 முதல் 1898 வரை ‘ஸ்பிரே’ என்ற பாய்ப்படகில் தனியாளாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். அவருடைய பழைய குரோனோமீட்டரைச் சரிசெய்ய 15 டாலர் ஆகும் என்றார்கள். அவர் ஒரு தகரக் கடிகாரத்தை வாங்கினார். அதன் விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் பேரம் ஒரு டாலரில் படிந்தது. பயணத்தில் நிமிட முள் போய்விட்டது. பிறகு அதைக் கொதிக்க வைத்தார்; மணி முள் ஒழுங்காக ஓடியது. நீண்ட கடற்பயணத்துக்கு அவ்வளவு போதும் என்று அவரே எழுதியும் வைத்தார். கடிகாரப் பராமரிப்பு நூல்களில் ‘வேகவைத்தல்’ என்ற அதிகாரம் இன்றுவரை சேர்க்கப்படாதது வருந்தத்தக்கது.

அடுத்து, நீரில் இறங்கிப் புகழ்பெற்ற கடிகாரங்கள். 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்மணி ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது ரோலக்ஸ் ஆய்ஸ்டர் ஒன்று உடன் சென்றது. அது தொங்கியது கழுத்தில். 1960 ஜனவரி 23 அன்று டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் மரியானா அகழியின் அடிமட்டத்தைத் தொட்டபோது இன்னொரு ரோலக்ஸ் கூடவே போனது. அது கலத்தின் வெளிப்புறத்தில் கட்டப்பட்டிருந்தது. கலத்தைச் செலுத்திய பிக்காரும் வால்ஷும் உள்ளே உலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆக, உலகத்திலேயே அதிகம் நனைந்த கடிகாரத்துக்குக் கையே இல்லை. நூற்பாவுக்கு இதைவிட உறுதியான சான்று தேடுவது பேராசை.

4. தளவாரி வகைப்பாடு

ஒரு சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்வோம். மேல்தளத்திலிருந்து கீழே இறங்க இறங்கக் கடிகாரத்தின் விலையும் கூடவே இறங்குவதைக் காணலாம்.

(அ) கேப்டன். பிரிட்ஜில், நீர்மட்டத்துக்கு மிக உயரத்தில் இருப்பவர். பதவி உயர்வு கிடைத்த கையோடு சிங்கப்பூரில் வாங்கிய ஆட்டோமேட்டிக் கட்டியிருப்பார். மணி பார்க்க வேண்டுமானால் எதிரே ஜிபிஎஸ் இருக்கிறது. கைக்கடிகாரம் பயன்படுவது துறைமுக அதிகாரிகளோடு கைகுலுக்கும்போது.

(ஆ) செகண்ட் மேட். நள்ளிரவு 12 முதல் 4, பகல் 12 முதல் 4 என்று வாட்ச், அதாவது காவல் முறை, பார்ப்பவர். வரைபடமும் வழியும் அவர் பொறுப்பு; குரோனோமீட்டருக்குச் சாவி கொடுத்ததும் அந்தக் காலத்தில் அவர்தான். கப்பலில் விநாடியைப் பற்றிக் கவலைப்பட்ட கடைசி வம்சம். குவார்ட்ஸ் கட்டியிருப்பார், மேட்டிமை பேச மாட்டார்.

(இ) கேடட். அதிகாரியாகப் பயிற்சி பெறுபவன். கையில் ஜி-ஷாக். 1983இல் வந்த அந்தக் கடிகாரத்துக்கு கிகுவோ இபே என்ற பொறியாளர் வைத்துக்கொண்ட இலக்கு மூன்று பத்து: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, 10 பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டு உழைக்க வேண்டும். கேடட்டுக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைகள்தாம். இரவில் பிரிட்ஜை இருட்டாக வைத்திருப்பார்கள். வெளியே கண் தெரிய வேண்டும். அந்நேரம் பார்த்துக் கேடட்டின் கடிகாரம் பளிச்சென்று எரியும். “அந்த லைட்டை அணைடா” என்பது அவன் கப்பலில் கற்கும் முதல் வானியல் பாடம்.

(ஈ) போசனும் ஏபிக்களும். கயிறு இழுப்பது, துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது இவர்கள் வேலை. கையில் பெரும்பாலும் கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் பிறந்தது, எடை 21 கிராம், பேட்டரி ஏறத்தாழ 7 ஆண்டு, விலை ஆயிரத்துச் சொச்சம். துறைமுகத்தில் கட்டுக்கயிறு வேகமாக ஓடும்போது எஃகுப் பட்டை மாட்டினால் அறுபடுவது கை. பிளாஸ்டிக் பட்டை மாட்டினால் அறுபடுவது பட்டை. அறுந்துபோவதே இந்தக் கடிகாரத்தின் ஆகப் பெரிய சிறப்பு. கப்பல் மேற்கே போகும்போது இரவில் மணியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். கிழக்கே போனால் முன்னுக்கு. இவர்களில் பலர் கப்பல் நேரத்தைச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, கையில் இருப்பதை மட்டும் இந்திய நேரத்திலேயே விட்டுவைப்பார்கள். வீட்டில் இப்போது ஃபோன் எடுப்பார்களா என்பதுதான் அவர்களுக்கு அதில் தெரிய வேண்டிய ஒரே விஷயம். அதற்கு விநாடி முள் வேண்டியதில்லை.

(உ) எஞ்சின் ரூம். ஆயிலரும் மோட்டார்மேனும் நிற்பது நீர்மட்டத்துக்குக் கீழே. கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது எஃகுத் தகடு. சுழலும் எந்திரமும் மின்முனைகளும் உள்ள இடத்தில் மோதிரமும் உலோகக் கடிகாரமும் கூடாது என்பது பாதுகாப்பு நெறி. எனவே மணிக்கட்டு வெறுங்கட்டு; இருந்தால் பாய்லர் சூட் பைக்குள் ஒன்று கிடக்கும். கடலுக்கு மிக அருகே விலை பூஜ்யம். நூற்பா தன் எல்லையைத் தொடும் இடம் இது.

இணைப்பு: பாய்ப்படகுப் பந்தயம். புறப்பாட்டுக்கு 5 நிமிடம் முன்பு எச்சரிக்கைக் கொடி, 4இல் ஆயத்தக் கொடி, 1இல் அது இறங்கும், பூஜ்யத்தில் பாய்ச்சல். இந்த இறங்குகணக்கைக் காட்டுவதற்கென்றே ரோலக்ஸ் 2007இல் ‘யாட்-மாஸ்டர் II’ என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது, அதுவும் தங்கத்தில். ஆனால் படகின் முன்முனையில் தலைக்கு மேல் அலை அடிக்க நிற்கிறவர் கையில் இருப்பது எண் பெரிதாகத் தெரியும் பிளாஸ்டிக் டைமர். தங்கம் கிளப் வராந்தாவில் இருக்கிறது.

5. அளவை

விலை கூடினால் துல்லியம் கூடுமே என்பார்க்கு ஒரு கணக்கு. சுவிஸ் குரோனோமீட்டர் சான்று பெற்ற எந்திரக் கடிகாரம் சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி வரை பின்தங்கலாம், 6 விநாடி வரை முந்தலாம். எஃப்-91டபிள்யூவுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு மாதத்துக்கு 30 விநாடி. நேரத்தில் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு கலை பிசகும். நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல்மைல்.

இரண்டு மாலுமிகள் 30 நாள் பயணித்துச் சென்னைத் துறைமுகத்தை அடைகிறார்கள் என்று கொள்வோம். ஜிபிஎஸ் இல்லை, ரேடியோ இல்லை. இருவர் கடிகாரமும் அனுமதித்த வரம்பு முழுக்க முந்துகிறது. மலிவுக் கடிகாரக்காரர் 30 விநாடி முந்தியிருப்பார். கணக்குப்படி ஏழரைக் கலை மேற்கே, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நங்கூரம் போடுவார். உயர்ரகக் கடிகாரக்காரர் 180 விநாடி முந்தியிருப்பார். 45 கலை மேற்கே. அவர் கப்பல் அரக்கோணத்தைத் தாண்டிச் சோளிங்கர் சாலையில் போய்க்கொண்டிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்தபோது கடற்பயணத்துக்கு உதவுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சோளிங்கரில் கப்பல் நிற்பதைத் தடுக்கவே என்று நாம் உரை கொள்கிறோம்.

6. கடாவும் விடையும்

அற்றேல், எந்திரக் கடிகாரத்தின் பிசகு நாள்தோறும் ஒரே அளவாக இருந்தால் கழித்துக்கொள்ளலாமே எனின்: உண்மை. கடலோடிகள் காலங்காலமாகச் செய்தது அதுவே. தினமும் எவ்வளவு பிசகுகிறது என்று ஏட்டில் குறித்துவைத்துக் கழித்தார்கள். ஆனால் பெட்டியில் அசையாமல் கிடந்த குரோனோமீட்டருக்கே அது செல்லும். கையில் கட்டிய கடிகாரம் கையோடு ஆடும், வெயிலில் காயும், இரவில் கழற்றி வைத்தால் வேறு கணக்கில் ஓடும். அதனால்தான் பெட்டியில் உள்ளதைத் தொடாமல், ‘டெக் வாட்ச்’ என்ற இன்னொன்றில் நேரத்தை எடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்தார்கள்.

அற்றேல், 1966-67இல் பிரான்சிஸ் சிசெஸ்டர் ரோலக்ஸ் கட்டிக்கொண்டே தனியாளாக உலகைச் சுற்றினாரே எனின்: அவர் தொழிலால் வரைபடப் பதிப்பாளர். நூற்பா சம்பளத்துக்குக் கடலில் நிற்பவரைப் பற்றியது.

அற்றேல், 1953இல் பிளான்பேன் செய்த ஃபிஃப்டி ஃபேதம்ஸை பிரெஞ்சுப் போர் முக்குளிப்பவர்கள் உண்மையிலேயே நீரடியில் அணிந்தார்களே எனின்: அணிந்தார்கள். ஆனால் முக்குளிப்பவருக்கு மூழ்குவது தொழில். கப்பற்காரருக்கு மூழ்காமலிருப்பது தொழில். 300 மீட்டர் ஆழத்தில் மணி என்ன என்று பார்க்க நேர்ந்த மாலுமிக்கு, வாட்ச் மாற்றிவிட ஆள் வருவார் என்ற நம்பிக்கை வீண்.

7. களச்சான்று

நூற்பாவின் மேலெல்லையைக் காணத் தூத்துக்குடிக் கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் போதும். காண்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆன அண்ணன், தங்கை மாப்பிள்ளைக்கு 200 மீட்டர் தாங்கும் எஃகுக் கடிகாரம் வாங்கி வந்திருப்பார். அண்ணன் கையில் அதே பழைய கேசியோ, பட்டையில் பெயின்ட் பொட்டோடு. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. பந்தியில் இலை போட்டதும் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார்.

“கழட்டாதீங்க மாப்ள, 200 மீட்டர் தாங்கும்.”

“இருக்கட்டும் மச்சான், ரசம் தாங்கும்னு எழுதலியே.”

மாப்பிள்ளையின் ஐயம் அறிவியல்பூர்வமானது. கடிகாரத்தில் பொறிக்கும் மீட்டர், அசையாத நீரின் அழுத்தத்தில் செய்த சோதனையைக் குறிப்பது. 30 மீட்டர் என்று எழுதிய கடிகாரம் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும். அதைக் கட்டிக்கொண்டு நீந்தக்கூட முடியாது.

8. முடிபும் பரிந்துரையும்

நூற்பா நிறுவப்பட்டது. கடிகார நிறுவனங்களுக்கு ஒரே பரிந்துரை: ஆழத்தை மீட்டரில் பொறிப்பதை விட்டுவிட்டு, கட்டுபவர் கடற்கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் உள்ளே குடியிருக்கலாம் என்று பொறிக்கலாம். 200 மீட்டர் கடிகாரத்துக்கு மதுரை, 300 மீட்டருக்குக் கோயம்புத்தூர். 3,900 மீட்டர் தாங்கும் ரோலக்ஸ் டீப்சீ வாங்குகிறவர் நாக்பூரில் வீடு பார்த்துக்கொள்வது நலம்.