குரூப்பில் சேர்த்தாச்சு சார்

உங்கள் வங்கிக் கடனும் ரத்தப் பரிசோதனை முடிவும் ஏதோ ஒரு டேட்டாபேஸில் கிடக்கின்றன. அவற்றை யார் பார்க்கலாம் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதாக நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள். தீர்மானிப்பது, அலுவலகத்தின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும் ஒரு குரூப்.

ஏற்பாட்டில் குற்றமில்லை. ஆளுக்கு ஆள் அனுமதி எழுத வேண்டாம். குரூப்புக்கு ஒரு முறை உரிமை கொடுத்தால் போதும். ஆள் வந்தால் சேர், போனால் நீக்கு. இதில் முதல் பாதிதான் நம் அலுவலகங்களில் அமலில் இருக்கிறது.

மாதக் கடைசி. ரிப்போர்ட் வரவில்லை. "அவசரம் சார், இன்னிக்கு ஒரு நாள்தான்." எந்த உரிமை குறைகிறது என்று தேட யாருக்குப் பொறுமை? இருப்பதிலேயே பெரிய குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்கும் கட்டத்தில் "தேவைப்படுகிறது" என்று எழுதினால் மேலாளர் ஒப்புதல் தந்துவிடுவார். அந்த ஒரு நாள் ஆசாமி துறை மாறி, பதவி உயர்ந்து, பேரன் எடுத்த பிறகும் குரூப்பில் சிரஞ்சீவி. கெடு வைத்துச் சேர்க்கும் வசதி விண்டோஸ் சர்வர் 2016இலேயே வந்துவிட்டது. "கெடு முடிஞ்சா யார் சார் மறுபடி சேர்க்கிறது?"

குரூப்புக்குள் குரூப், அதற்குள் ஒப்பந்தக்காரர்களின் குரூப். டேட்டாபேஸ்காரரைக் கேட்டால், "நான் குரூப்புக்குத்தான் கொடுத்தேன், உள்ளே யார் இருக்காங்கன்னு டைரக்டரிக்காரரைக் கேளுங்க." டைரக்டரிக்காரரோ, "நான் ஆளைத்தான் சேர்த்தேன், அந்த குரூப் எதைத் திறக்கும்னு அவரைக் கேளுங்க." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வயிறு எரிவதே அதனால்தான்.

மென்பொருள் செய்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 2005 பதிப்பு வரை, அது ஓடும் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில் இருந்தவர் எல்லாம் தானாகவே டேட்டாபேஸின் சர்வாதிகாரி. 2008 பதிப்பில்தான் அதை நிறுத்தினார்கள். டைரக்டரியின் டொமைன் அட்மின்ஸ் குரூப்போ டொமைனில், அதாவது அந்த டைரக்டரியின் ஆளுகையில், சேர்ந்த ஒவ்வொரு கணினியிலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்குள் இயல்பாகவே உட்கார்ந்திருக்கும். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவ வரும் தம்பியை, வேலை சுலபமாகட்டும் என்று டொமைன் அட்மின்ஸில் போட்ட இடத்தில், அவர் மனது வைத்தால் எம்.டி.யின் சம்பளத்தையே குறைத்திருக்கலாம். வைக்கவில்லை. நல்ல பிள்ளை.

ஆண்டுக்கொரு ஆடிட் உண்டு. எக்செல்லில் பெயர்ப் பட்டியல் வரும். முதல் வரியில் "சரி" என்று அடித்துக் கடைசி வரை இழுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது.

நாட்டளவிலும் இதே கதைதான். 2018 ஜனவரியில் 'தி ட்ரிப்யூன்' நாளிதழ், 500 ரூபாயும் 10 நிமிடமும் செலவழித்து ஆதார் விவரங்களைத் தேடும் லாகின் வாங்கியதாகச் செய்தி போட்டது. அத்துமீறல் எதுவும் இல்லை, குறைதீர்ப்புக்குக் கொடுத்த தேடல் வசதியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றது ஆதார் ஆணையம். பூட்டு பத்திரமாக இருக்கிறது, சாவிதான் சந்தையில் விற்கிறது! ஆணையத்தின் புகாரில் பதிவான எஃப்.ஐ.ஆரில் செய்தியாளர் பெயரும் இருந்தது.

2023இல் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தர அதில் வழியே இல்லை. ஆனால் அவரையும் மறந்துவிடவில்லை: பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்.