மாற்றுக் காட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம்

மாண்புமிகு சிலாங்கூர் மாநில அரசுக்கு,
ஷா ஆலம்.

ஐயா,

தாமதமானாலும் நன்றி சொல்லாமல் விட்டால் கோலா குபு பாருவாசிகளான எங்களுக்குத் தூக்கம் வராது. வட கோலா லங்காட் வனக் காப்பகத்தில் 536.7 ஹெக்டரை 2021 மே மாதம் அரசிதழிலிருந்து நீக்கிக் கலப்பு மேம்பாட்டுக்குக் கொடுத்தீர்கள். அதற்கு ஈடாகத் தாங்கள் காட்டிய மாற்று நிலங்களில் ஒன்று எங்களை ஒட்டிய ஆம்பாங் பெச்சா. பாந்திங் பக்கத்துக் காடு ஹுலு சிலாங்கூரில் வந்து இறங்கிவிட்டது. ஒரு லாரிச் சத்தம்கூட எங்கள் காதில் விழவில்லை.

சிறிய சந்தேகம் ஒன்று. அந்த இடத்தில் முன்பே மரங்கள் இருந்தால், அது முன்பும் காடுதானே? மரங்கள் இல்லையென்றால், காடு எங்கே? பல்லைப் பிடுங்கிய வைத்தியர், வாயில் மிச்சமிருக்கும் பக்கத்துப் பல்லைத் தொட்டுக் காட்டி, "இதோ மாற்றுப் பல்" என்று சொல்லிக் காசு வாங்கியதுபோல் இருக்கிறது. குறை சொல்லவில்லை ஐயா. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டமும் ஏறத்தாழச் சமமான பரப்பளவைத்தான் கேட்டது. கணக்கில் தாங்கள் கெட்டி.

ஆனால் கோலா லங்காட்டில் இருப்பது கரிச்சதுப்புக் காடு. கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். ஊறி நிற்கும் தண்ணீர் கறுப்பு. மக்கிப்போகாத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் காய்ந்துபோய், அடியிலேயே நாள்கணக்கில் புகைந்து எரியும். அந்தப் புகைமூட்டத்தை ஷா ஆலமும் நன்றாக அறியும். எங்களிடமோ மலைச்சரிவும் கூழாங்கல் ஆறும் இருக்கின்றன. சதுப்பை மலைமேல் ஏற்றும் வித்தை தங்கள் நில அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் ஒருமுறை வந்து செய்து காட்டட்டும். தேநீர் எங்கள் செலவு. தலைமுறை தலைமுறையாக அந்தச் சதுப்பை நம்பி வாழும் தெமுவான் பழங்குடி மக்களையும் அழைத்து வரலாம். அவர்களுக்கும் 'ஏறத்தாழச் சமமான' மூதாதையர்களை இங்கே ஏற்பாடு செய்து தருவீர்கள் என்று நம்புகிறோம்.

மாற்று இடம் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரே மாற்று ஊர்தான். 1883இல் அணை உடைந்து வெள்ளம் பழைய கோலா குபுவைச் சுருட்டிக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். பிறகும் ஈயச் சுரங்க மண் இறங்கி ஆற்றுப்படுகை மேடேறியது, வெள்ளம் விடவில்லை. 1920களில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் மேட்டு நிலத்தில் பூங்கா நகரமாக இந்தப் புதிய ஊரைத் திட்டமிட்டார். திடலுக்கும் மரங்களுக்கும் வரைபடத்திலேயே இடம் விட்டார். வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கவில்லை; ஆற்றை மண்மூட விட்டதும் அவன் ஆட்சிதான். ஆனாலும், மாற்று நிலம் தேடியவர்கள் தண்ணீர் எதுவரை ஏறும் என்றாவது பார்த்தார்கள்.

சிலாங்கூர் ஆற்று அணைக்காகப் பெர்த்தாக், கெராச்சி தெமுவான் மக்களும் மாற்று வீடுகளுக்குப் போனார்கள். தோட்டப்புறக் கதை தங்களுக்கே தெரியும். தோட்டம் கைமாறும், லயம் காலியாகும், "மாற்று வீடு வருகிறது" என்பார்கள். அப்படிக் காத்திருந்த காலத்தில் புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர் தோட்டத்துப் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். காட்டுக்கான மாற்று நிலம் மட்டும் எப்படி இத்தனை சுருக்கில் கிடைத்தது? மரங்களுக்கு வாய்த்த அந்த ரகசியத்தை எங்கள் ஆட்களுக்கும் சொல்லித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

தங்கள் மக்களாட்சிப் பண்பையும் பாராட்டாமல் இருக்க முடியாது. 2020 பிப்ரவரியில் 930.93 ஹெக்டரை நீக்கப் போவதாக அறிவிப்பு விட்டீர்கள். காப்பகத்தில் 97 விழுக்காடு! மிச்சத்தை எதற்காக விட்டுவைத்தீர்கள் என்றுதான் விளங்கவில்லை. அறிவிப்புப் பலகை நட இடம் வேண்டாமா என்று நினைத்திருக்கலாம். ஆட்சேபங்கள் குவிந்தன. நவம்பரில் சட்டமன்றமே காட்டைக் காக்க வேண்டும் என்று ஏகமனதாகச் சொன்னது. அதன்பின் மே மாதத்தில் நீக்கினீர்கள். ஆகஸ்டு கடைசியில்தான் வெளியே சொன்னீர்கள். பொதுமக்கள் மனம் நோகக்கூடாது என்ற அந்த மூன்று மாத மௌனம் எவருக்கு வரும்?

செப்டம்பர் 8 அன்று மந்திரி பெசார் டத்தோஸ்ரீ அமிருடின் ஷாரி நீக்கம் இரத்து என்று அறிவித்தார். மகிழ்ச்சி. அந்தப் பெருமையில் ஊரார் போட்ட கூச்சலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் காரியத்துக்கு வருவோம். கோலா லங்காட்டில் காடு திரும்பிவிட்டதால், அதற்கு ஈடாக எங்களுக்கு வந்த காட்டின் நிலை என்ன? அது இங்கேயே இருக்குமா, அல்லது வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுமா? அரசிதழில் பதில் வெளியிட்டால் போதும். இப்போதெல்லாம் அதை ஒரு பக்கம் விடாமல் படிக்கிறோம்.

இப்படிக்கு,
நன்றி மறவா
கோலா குபு பாருவாசி