ஆறு பேருக்கும் ஆப்த நண்பர்

டிப்ளமசி என்ற பலகை விளையாட்டில் பகடை கிடையாது. 1901 வசந்தகாலத்து ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளாக ஏழு பேர் வரைபடத்தைச் சுற்றி உட்காருவார்கள். முதலில் தனித்தனியாகப் பேச்சுவார்த்தை. பிறகு அவரவர் படைக்கான உத்தரவைச் சீட்டில் ரகசியமாக எழுதி, எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் பிரிப்பார்கள். பேசியபடிதான் எழுத வேண்டும் என்று விதி இல்லை. இந்த ஒரு வசதியை அனுபவிக்கவே பிறவி எடுத்த ஒருவர் எல்லா மேஜையிலும் இருப்பார்.

முதல் சுற்றுப் பேச்சுக்கு அரை மணி நேரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தோளில் கைபோட்டு ஒவ்வொருவராகப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போவார். “உங்ககிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேசறேன்” என்பது பிள்ளையார் சுழி.

அவர் ஆஸ்திரியா-ஹங்கேரி என்று வைத்துக்கொள்வோம். நாலாபக்கமும் ஆள் இருக்கிற ஜாதகம். ரஷ்யாவிடம், “கலீசியாவை நீங்களும் தொட வேண்டாம், நானும் தொடலை.” இத்தாலியிடம், “வெனிசும் திரியெஸ்தும் ஒட்டிக் கிடக்கு. நாம அடிச்சுக்கிட்டா துருக்கிக்குத்தான் கொண்டாட்டம்.” துருக்கியிடம், “ரஷ்யாவை நம்பி கருங்கடலை விட்டுடாதீங்க.” இங்கிலாந்துக்கும் அவருக்கும் நடுவே பாதி ஐரோப்பா கிடக்கிறது, அங்கும் ஒரு நட்பு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் வருவார். இந்த விளையாட்டை உருவாக்கிய ஆலன் கால்ஹாமர் பின்னாளில் தபால்காரராக இருந்தவர். அவர் உரியவருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்; நம்மவர் ஒரே கடிதத்தை ஆறு வீட்டிலும் போடுகிறார்.

பொய்யர் என்று சொன்னால் பாவம். சொல்லும்போது முழு மனதோடுதான் சொல்கிறார். பேனா கைக்கு வந்ததும்தான் தேசபக்தி பொங்கிவிடுகிறது.

சீட்டைப் பிரிக்கிறார்கள். “வியன்னாப் படை, கலீசியாவுக்கு.” ரஷ்யாவின் சீட்டிலும் அதே ஊர்: “வார்சாப் படை, கலீசியாவுக்கு.” சம பலம் மோதினால் இருவருக்கும் இடமில்லை, கிளம்பிய இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். “சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கு!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதில் ரஷ்யாவுக்காவது கொஞ்சம் வெட்கம் இருக்கிறது.

அடுத்த வரி: திரியெஸ்த் கப்பற்படை அல்பேனியாவுக்கு. ஊர் காலி. இத்தாலியின் வெனிஸ் படை நோகாமல் உள்ளே புகுந்து உட்காருகிறது. இலையுதிர்காலச் சுற்று முடியும்வரை நகராமல் இருந்தால் திரியெஸ்த் இத்தாலிக்கே சொந்தம்.

நம்மவர் முகம் சிவக்கிறது. “வாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மனுஷனை மனுஷன் நம்பாம எப்படிங்க விளையாடறது?” கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். கேட்கிறவர்களுக்கே மனசு கரைகிறது. ரஷ்யாக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்.

இலையுதிர்காலப் பேச்சுக்குக் கால் மணி நேரம்தான். இத்தாலிக்காரரின் தோளில் அவர் கை விழுகிறது.

“நடந்தது நடந்துபோச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், இந்தத் துருக்கியை என்ன பண்ணலாம்?”

இத்தாலிக்காரரும் எழுந்து பால்கனிக்குப் போகிறார்.