விலைச்சுருதி: நடுவிலை, உயர்விலைக் கிட்டார்களின் ஒலி குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

கிட்டாரின் விலை அதன் ஒலியில் கேட்குமா என்னும் வினா, அதை வாங்க நினைப்போர், வாங்கிவிட்டோர், வாங்கியவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் ஆகிய முத்திறத்தாரையும் நெடுங்காலமாக அலைக்கழித்து வருகிறது. முதல் திறத்தார் கேட்காது என்று நம்ப விரும்புகின்றனர்; இரண்டாம் திறத்தார் கேட்கிறது என்று நம்பக் கடமைப்பட்டுள்ளனர்; மூன்றாம் திறத்தார்க்கோ எந்த விலைக் கிட்டாரும் கேட்கிறது, கதவைச் சாத்திய பின்னும் கேட்கிறது என்பதே இடர். இம்மூன்று தரப்பையும் நடுநிலையோடு ஆராயப் புகும் இக்கட்டுரை, எஃகுக் கம்பி பூட்டி, மின்சாரத்தின் துணையின்றிப் பெட்டியின் அதிர்வாலேயே ஒலிக்கும் அக்குஸ்டிக் கிட்டாரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மின்கிட்டார் வாங்குவோரின் செலவு கருவியோடு நில்லாமல் ஆம்ப்ளிஃபையர், பெடல், அந்தப் பெடலுக்குத் துணையாக இன்னொரு பெடல் எனக் கிளைத்துச் செல்வதால், அது தனி நூலாக விரியத்தக்கது என்க.

வரையறை

நடுவிலை, உயர்விலை என்னும் இரண்டையும் தொகையால் மட்டும் வரையறுப்பது பொருந்தாது. ஒருவர்க்கு நடுவிலையாக இருப்பது மற்றொருவர்க்குக் கல்லூரிக் கட்டணமாக இருத்தல் கூடும். ஆதலின், வாங்கியவர் வீட்டில் உள்ளது உள்ளபடி சொல்லக்கூடிய தொகை நடுவிலை என்றும், ஒரு சுழியைக் குறைத்துச் சொல்ல நேரும் தொகை உயர்விலை என்றும் கொள்வதே முறை. எண்ணால் அறிந்தாலன்றி அமைதி கொள்ளாதவர்கள், முன்னதை ஏறத்தாழ 30,000 முதல் 80,000 ரூபாய் வரை என்றும், பின்னதை இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றும் கொள்க. இடைப்பட்ட விலையில் வாங்கியவர்கள், இவ்வளவு போட்டிருக்க வேண்டாமே என்றும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே என்றும் ஒரே வேளையில் வருந்துபவர்களாதலின், அவர்கள் ஆய்வுக்குரியவர் அல்லர், அனுதாபத்துக்குரியவர்.

சான்றுக் கருவிகள்

ஒப்பீடு செம்மையாக அமைய வேண்டுமாயின் இரு கருவிகளும் ஒரே குடியில் பிறந்திருத்தல் நலம். சாக்சனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் என்பவர் 1833-இல் நியூயார்க்கில் தொடங்கி, பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் நகருக்குக் கொண்டுசென்ற மார்ட்டின் நிறுவனம், மேற்சொன்ன இருவகை விலையிலும் கிட்டார் செய்வதால் இங்கே சான்றாகிறது. அந்நிறுவனத்தின் டி-28 உயர்விலைக்கும், அதன் மெக்சிகோத் தொழிற்சாலையில் செய்யப்படும் எக்ஸ் வரிசைக் கிட்டார்கள் நடுவிலைக்கும் எடுத்துக்காட்டாகும். டி என்பது டிரெட்நாட் என்னும் அகன்ற உடலமைப்பைக் குறிக்கும். 1906-இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை 1916-இல் ஒரு கிட்டாருக்குச் சூட்டியதிலிருந்தே, இக்கருவி பக்கத்து வீட்டாருடன் கொண்டுள்ள உறவு ஒருவாறு விளங்கும்.

டி-28 கிட்டாரின் மேற்பலகை, குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸால் ஆனது. முதுகும் பக்கங்களும் இந்திய ரோஸ்வுட், அதாவது கூடலூர், வயநாடு போன்ற மேற்குமலைப் பகுதிகளில் வளரும் ஈட்டி என்னும் தோதகத்தி மரம். முன்பு பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டால் செய்துவந்த இந்நிறுவனம், அந்நாடு மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்ததும், 1969 வாக்கில் ஈட்டிக்கு மாறியது. அம்மாற்றத்துக்கு முந்தைய கருவிகள் இன்று பன்மடங்கு விலை பெறுகின்றன. பிரேசில் மரத்தின் ஒலியே ஒலி என்பது அவற்றை வைத்திருப்போரின் துணிபு. தமிழகத்திலும் கேரளத்திலும் பழைய வீடுகளில் ஈட்டிக் கட்டில், ஈட்டி அலமாரி, ஈட்டிக் கதவு எனத் தலைமுறை தலைமுறையாக இம்மரத்தோடு வாழ்ந்தும், அவற்றின் ஒலிநயத்தை ஒருவரும் போற்றியதாகத் தெரியவில்லை என்பது, நம்மவர் மரத்தை அறிந்தும் விலைப்பட்டியலை அறியாதிருந்தமையால் நேர்ந்த குறையாகும்.

எக்ஸ் வரிசையின் முதுகும் பக்கங்களும் மரமே அல்ல. பிசினில் தோய்த்த காகிதத் தாள்களை அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கி, மேலே மரத்தின் படத்தை அச்சிட்ட தாளை ஒட்டிச் செய்த பலகை அது. சமையலறை அலமாரிகளில் சன்மைக்கா என்று வழங்கும் பொருளுக்கு உடன்பிறப்பு. இவ்வரிசையில் ஒரு வகையின் முதுகில் பிரேசில் ரோஸ்வுட்டின் படமே அச்சிடப்பட்டுள்ளது. 1992 முதல் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட அம்மரத்தை வெட்டி விற்றல் குற்றமேயன்றி, படம் எடுத்து விற்றல் குற்றமாகாது என்பது இதனால் பெறப்படும்.

மரபு

காகிதத்தால் கிட்டாரா என்று முகம் சுளிப்போர் மரபறியாதவர். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை நிலைபெறச் செய்த ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ், ஒலியைத் தருவது மேற்பலகையே, பிற பகுதிகள் அல்ல என்று காட்டும்பொருட்டு 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலும் மேற்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸாலும் கொண்டு ஒரு கிட்டார் செய்தார். அது இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. கலிபோர்னியாவின் டெய்லர் நிறுவனமோ, லாரியில் சரக்கு ஏற்றும் பலகைச்சட்டத்தைப் பிரித்தெடுத்த கட்டையால் 1995-இல் ஒரு கிட்டார் செய்து, கைவினையே முதன்மை, மரம் அதற்கு அடுத்தது என்று மெய்ப்பித்தது. இவ்விரண்டும் நடுவிலைக் கிட்டாரின் முன்னோர்கள்; ஆயினும் எந்தக் கடைக்காரரும் இந்தக் குலமரபை எடுத்துரைப்பதில்லை, எடுத்துரைத்தால் கடையின் உட்புறக் கண்ணாடி அறையில் இருக்கும் உயர்விலைக் கிட்டாரை விற்பது அரிதாகும்.

ஒலி பிறக்கும் இடம்

ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையின் விசையோடு இழுக்க, மூன்று மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனே உள்ள மேற்பலகை அதைத் தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். தாங்குவதற்கென்று தடித்தால் ஊமையாகும். அதிர்வதற்கென்று மெலிந்தால் சில ஆண்டுகளில் வயிறு தள்ளும். இவ்விரு கேடுகளுக்கும் இடையே வழி காண்பதற்கு உட்புறம் பெருக்கல் குறிபோல் ஒட்டப்படும் தாங்குகட்டைகளும், ஒட்டுப்பலகையாக அன்றி ஒரே மரத்திலிருந்து அறுத்த மேற்பலகையுமே ஒலியின் முதற்காரணங்கள். முழுமரப் பலகை எளிதாக அதிர்வதால் அதன் ஒலி நீடிக்கும். கனமான ஒட்டுப்பலகையில் கம்பியின் ஆற்றல் பெரிதும் மடிந்துவிடும். இவ்வேறுபாடு மெய்யானது, கண்ணைக் கட்டினாலும் கேட்பது. ஆனால் முழுமர மேற்பலகையும் பெருக்கல்குறித் தாங்குகட்டையும் நடுவிலையிலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்குக் கீழ்க்கம்பியில் சற்றே நிறைவும், மெல்ல மீட்டும்போதும் மங்காத தெளிவும், கைக்கு இதமான கழுத்தும் கிடைக்கின்றன என்பதை மறுத்தல் நேர்மையன்று.

எனினும் எவ்வளவு கிடைக்கிறது என்பதே வினா. மனிதக் காது ஒலியாற்றலை மடக்கை முறையில் அறிகிறது. பத்து மடங்கு ஆற்றலை அது ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகவே உணர்கிறது. காது மடக்கை முறையில் கேட்க, கடைக்காரர் நேர்முறையில் விலை வைப்பதே இத்துறையின் தீராத முரண்பாடு.

பரிசோதனைகள்

லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இப்பொருளில் நிகழ்ந்தவற்றுள் மிகவும் இரக்கமற்றது. ஒரே வடிவமைப்பில் செய்த ஆறு கிட்டார்களில் முதுகும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள் முதலான வெவ்வேறு மரங்களால் அமைய, 52 வாசிப்பாளர்கள் எது எது என்று காணாமல் வாசித்து மதிப்பிட்டனர். மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கிட்டார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதும் அவர்களுக்கு எளிதாக இல்லை. 2010-இல் இண்டியானாபொலிஸ் நகரின் விடுதி அறையில் பழைய, புதிய வயலின்களை ஒப்பிட்டு நடந்த சோதனையில் 21 கலைஞர்களுக்கு வெல்டிங் தொழிலாளர் அணியும் கருங்கண்ணாடி மாட்டி, பழைய மரத்தின் மணம் தெரியாதிருக்க முகவாய் தாங்கும் பகுதியில் வாசனைத் திரவியமும் தடவினர். மிகுதியும் விரும்பப்பட்டது புதிய வயலின்; குறைவாக விரும்பப்பட்டது பழம்பெரும் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்தது. கண்ணோடு மூக்கையும் ஏமாற்ற வேண்டியிருந்தமையால், விலை காது தவிர்ந்த எல்லாப் புலன்களின் வழியாகவும் நன்றாகவே கேட்கப்படுகிறது என்பது தெளிவு.

கருவியின் விலையை முன்னரே அறிந்தவர் காதில் மட்டும் கூடுதலாக ஒலிக்கும் அவ்வினிமையை இவ்வாய்வு விலைச்சுருதி என்று பெயரிட்டழைக்கிறது. அது காற்றின் வழியே பரவாமல் ரசீதின் வழியே பரவும். பணம் கொடுத்தவரிடத்து மிகும், தவணையில் கொடுப்பவரிடத்து நீடிக்கும். விளக்கை அணைத்தால் மறையும். விலை ஏற ஏற ஒலியைவிட ஒலியைப் பற்றிய பெயரடைகளே விரைந்து பெருகும் என்பதும் அதன் இயல்பு. நடுவிலைக் கிட்டார் "நல்லா இருக்கு" என்பதோடு அமைய, உயர்விலைக் கிட்டார் வெதுவெதுப்பானது, ஆழமானது, தேன் வடிவது, மரத்தின் மூச்சு கேட்பது எனப் பலவாறு விரியும்.

கடைச் சூழல்

சென்னைக் கடை ஒன்றில் ஒப்பீடு நிகழும் முறையை அணுகி நோக்கினால் விலைச்சுருதி உருவாகும் விதம் புலப்படும். நடுவிலைக் கிட்டார்கள் வெளிச்சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன; வந்தவர் போனவரெல்லாம் எடுத்து, 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலின் தொடக்கத்தை, தொடக்கத்தை மட்டும், வாசித்துவிட்டு மாட்டுவதால், வியர்வை படிந்த கம்பிகள் கறுத்து, தொட்டால் விரல்நுனியில் துருவின் சொரசொரப்புத் தெரிகிறது. உயர்விலைக் கிட்டாரோ ஏ.சி. அறையில், பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள், புதுக்கம்பி மின்ன இருக்கிறது. விற்பனையாளர் சாவி எடுத்துவந்து, தாமே சுதி கூட்டி, பெல்ட்டின் கொக்கி கீறாதிருக்கச் சட்டையை இறக்கிவிடச் சொல்லி, இரு கையாலும் கொடுக்கிறார். அதே 'இளைய நிலா' இப்போது வேறாக ஒலிப்பதில் வியப்பில்லை. கேட்கப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதி ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் ஒரு செட் கம்பியால் விளைந்தது, எஞ்சிய பகுதி சாவியால் விளைந்தது.

தடை விடை

அற்றேல், உயர்விலைக் கிட்டார் வாசிக்க வாசிக்க ஒலி திறக்கும், இருபது ஆண்டில் அதன் உண்மைக் குரல் வெளிப்படும் என்பாரோ எனின், அந்த இருபது ஆண்டும் வாசித்தவரின் விரல்களும் அக்கிட்டாரோடு சேர்ந்தே திறந்திருக்குமாதலின், எது திறந்ததால் ஒலி இனித்தது என்று பிரித்தறிய வழியில்லை என்பது விடை.

அலங்காரம் விலையேயன்றி ஒலியாகாது என்பாரோ எனின், அவர் டி-45 கிட்டாரைக் காணவில்லை. அதே ஸ்ப்ரூஸ், அதே ஈட்டி, ஆனால் விளிம்பெங்கும் அபலோனி என்னும் கடல்நத்தை ஓடு பதித்த அக்கருவியின் விலை டி-28-ஐப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கடல்நத்தை உயிரோடிருந்தபோது ஓசையின்றி வாழ்ந்த பிராணி என்பதைச் சொல்லி அதை வாங்கியவரை வருத்துதல் பண்பன்று.

தட்பவெப்பம் இவ்வொப்பீட்டில் சேராது என்பாரோ எனின், சென்னையில் அதுவே தலையாயது. முழுமரக் கிட்டார் 45 முதல் 55 விழுக்காடு காற்றீரத்தில் நலமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அது 80-ஐத் தாண்டும். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்ப, மேற்பலகை எழும்ப, கம்பி கழுத்தைவிட்டு உயர, விரல் நோகும். காகிதப் பலகை மழைக்கு அசையாது. ஆதலின் ஏ.சி.யின் மின்கட்டணத்தையும் கிட்டாரின் விலையோடு கூட்டியே கணக்கிட வேண்டும்.

முடிபு

மேற்கூறியவற்றால், ஒலியின் பெரும்பகுதி நடுவிலையிலேயே வாங்கப்பட்டுவிடுகிறது என்றும், மேற்கொண்டு கொடுக்கும் தொகையில் சிறுபகுதி ஒலிக்கும் பெரும்பகுதி விலைச்சுருதிக்கும் செல்கிறது என்றும் முடிவு கொள்ளலாம். மூன்று லட்சம் வைத்திருப்பவர் நடுவிலைக் கிட்டார் ஒன்றை வாங்கி, கம்பிகளைத் தாங்கும் நட்டும் சேடிலும் சீர்செய்வித்து, மாதந்தோறும் கம்பி மாற்றி, எஞ்சிய பணத்தில் நல்லாசிரியர் ஒருவரிடம் பல ஆண்டு பயிலலாம் என்பது கணக்கு தரும் பரிந்துரை.

ஆயினும் உயர்விலைக் கிட்டாருக்கு எந்தக் கருவியாலும் அளக்கப்படாத ஒரு பண்பு உண்டென்பதை மறைத்தலாகாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்வதற்குக் கூடம் சற்றேனும் கோணலாக இருந்தாக வேண்டும். நாசரேத்திலிருந்து வந்த டி-28-ஐ மடியில் வைத்துக்கொண்டு, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு சரியாக விழாததற்குக் கருவியின்மேல் பழி போடுவது எவராலும் இயலாது. நடுவிலைக் கிட்டாரோ அந்தச் சாக்கை வாழ்நாள் முழுதும் இலவசமாக வழங்குகிறது. பயிற்சி செய்யும் எண்ணம் இல்லாதவர்க்கு இச்சலுகையொன்றே இரண்டு லட்சம் பெறுமாதலின், அவர்கள் எக்காரணம் கொண்டும் உயர்விலைக் கிட்டார் வாங்கலாகாது என்பது இவ்வாய்வின் முடிந்த முடிபு.